இன்ஜின் ஆயிலில் ஊற்றும் அடிட்டிவ்: தேய்மானம் குறைகிறதா, பணம் குறைகிறதா?

பாலக்கோடு பிக்கப்

எல்லோருக்கும் வணக்கம். தக்காளி ஏற்றும் டீசல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டி. ராயக்கோட்டை மண்டி, ஓசூர், சில நாட்களில் பெங்களூரு என்று ஓட்டம். போன வாரம் கிருஷ்ணகிரியில் ஆயில் மாற்றப் போன இடத்தில் ஒருவர் மேசைமேல் சிறிய இயந்திரம் ஒன்றை வைத்துக் காட்டினார். சுழலும் இரும்பு வளையத்தின்மேல் ஒரு பேரிங் உருளையை நெம்புகோலால் அழுத்துகிறார். சாதாரண ஆயிலில் கொஞ்சம் அழுத்தியதுமே கிறீச்சென்று கத்திக்கொண்டு நின்றுவிடுகிறது. அதே ஆயிலில் தன் அடிட்டிவ் (ஆயிலோடு கூடுதலாகக் கலக்கும் மருந்து) பாட்டிலிலிருந்து சில சொட்டுகள் விட்டார். பிறகு நான் நெம்புகோலில் தொங்கியே பார்த்தேன், நிற்கவில்லை!

விலை 600 ரூபாய். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் ஒரு பாட்டில் ஊற்ற வேண்டுமாம். வீட்டில் இருக்கும் பைக்குக்கும் ஊற்றலாம் என்கிறார். வாங்காமல் வந்துவிட்டேன், ஆனால் மனம் அங்கேயே நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொப்பூர் ஏற்றம்

யோசிக்காமல் ஊற்றுங்கள் தம்பி. என் லாரியில் மூன்று ஆண்டுகளாக ஊற்றுகிறேன். சேலத்திலிருந்து பாரத்தோடு வரும்போது தொப்பூர் கணவாயில் இன்ஜின் படும் பாடு எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். ஊற்றிய பிறகு அந்த இரைச்சல் அடங்கிவிட்டது. மைலேஜும் கூடியிருக்கிறது. படித்தவர்கள் வந்து இது வீண் என்பார்கள். ஸ்டியரிங் பிடிப்பவனுக்குத்தான் வண்டியின் மூச்சு தெரியும்.

ஓசூர் லேத்

நான் படித்தவன் கணக்கில் வருவேனா தெரியவில்லை அண்ணா. சிப்காட்டில் இன்ஜின் உதிரிபாகம் கடையும் ஆலையில் வேலை. தேய்ந்த பாகங்களைப் பார்ப்பது அன்றாடம்.

முதலில் தம்பி பார்த்த அந்த இயந்திரம். அது டிம்கன் சோதனையின் சந்தைப் பதிப்பு. கிரீஸ், கியர் ஆயில் போன்றவை மிகக் கடுமையான அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்ப்பதற்காக வந்த சோதனை அது. ஓடும் இன்ஜினுக்குள் உருளையை வளையத்தின்மேல் வைத்து ஆள் தொங்குவதைப் போன்ற இடம் எதுவும் கிடையாது. குளோரின் கலந்த பாரஃபின் போன்ற பொருள்கள் அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இரும்போடு வினைபுரிந்து ஒரு படலத்தை உண்டாக்கும், உருளை வழுக்கும். சோதனையில் அது வெற்றி. இன்ஜினுக்குள் அதே குளோரின், எரிப்பில் உண்டாகும் நீராவியோடு சேர்ந்து அமிலமாக மாறினால் செம்பும் ஈயமும் கலந்த பேரிங்கை அரிக்கும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. முதலில் சாதாரண ஆயிலில் அழுத்தும்போது உருளையில் ஒரு தழும்பு விழுகிறது. அடுத்து பாட்டில் மருந்தை விட்டு அதே தழும்பின்மேல் அழுத்தினால், தொடும் பரப்பு ஏற்கெனவே பெரிதாகிவிட்டதால் ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் அழுத்தம் குறைந்துவிடும். மருந்தே விடாமல் சாதாரண ஆயிலில் மறுபடி அழுத்தியிருந்தாலும் முதல் தடவையைவிட அதிகம் தாங்கியிருக்கும். அவர் உருளையைத் திருப்பிப் புது இடத்தில் வைத்தாரா?

பாலக்கோடு பிக்கப்

கவனிக்கவில்லை சார். திருப்பியதாக நினைவில்லை.

தொப்பூர் ஏற்றம்

இயந்திரம் பொய்யாகவே இருக்கட்டும். என் லாரியில் சத்தம் குறைந்தது பொய்யா?

ஓசூர் லேத்

சத்தம் குறைந்தது உண்மையாக இருக்கலாம் அண்ணா. நீங்கள் ஊற்றுவது கம்பி போல் ஒழுகும் கெட்டியான திரவமா? அப்படியானால் அதில் இருப்பது பெரும்பாலும் பாகுநிலையைக் கூட்டும் பாலிமர். ஆயில் கெட்டியானால் வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளித் தட்டல் மெத்தென்று கேட்கும், தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளின் வழியே ஆயில் ஏறி எரிவது குறையும், புகையும் குறையும். காதுக்கு நன்றாக இருக்கும். உலோகத்தின் இழப்பு குறைந்ததா என்பதைக் காது சொல்லாது. அந்தப் பாலிமர் நசுங்கி அறுந்ததும் பழையபடி கத்தும்.

மைலேஜ் விஷயம். பாட்டிலை எப்போது ஊற்றுகிறீர்கள்? ஆயில் மாற்றும் அன்று. அன்றே ஆயில் ஃபில்டரும் புதிது, பல பட்டறைகளில் ஏர் ஃபில்டரையும் தட்டியோ மாற்றியோ கொடுப்பார்கள். பிறகு கூடிய மைலேஜை எந்தக் கணக்கில் எழுதுவது? கெட்டியான ஆயில் மைலேஜைக் குறைக்கத்தான் செய்யும். உங்களுக்குக் கூடியிருந்தால் அதற்குக் காரணம் பாட்டில் அல்ல.

தொப்பூர் ஏற்றம்

ஏர் ஃபில்டரும் அன்றைக்குத்தான் மாற்றுவார்கள், அது சரி. ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பென்னாகரம் வேதியியல்

பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஓசூர் நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் அடிட்டிவ் எல்லாமே ஏமாற்று என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வந்துவிடக்கூடாது. கடையில் நாம் வாங்கும் ஆயிலே அடிட்டிவ் கலந்ததுதான். அடிப்படை எண்ணெயை மட்டும் ஊற்றி ஓட்டினால் இன்றைய இன்ஜின் எதுவும் நெடுநாள் தாங்காது. கழிவைக் கரைப்பது, புகைக்கரியைத் திரளவிடாமல் மிதக்க வைப்பது, துருவைத் தடுப்பது, நுரையை அடக்குவது எனத் தனித்தனிப் பொருள்கள் அதில் உண்டு. இந்தத் தொகுப்புகளை உலகம் முழுவதற்கும் செய்து தருபவை பெரும்பாலும் நான்கே நிறுவனங்கள்: லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், ஷெவ்ரான் ஒரோனைட். டப்பாவின்மேல் பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து இவர்களில் ஒருவருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தேய்மானத்தைத் தடுக்கும் முக்கியமான பொருள் இசட்.டி.டி.பி. எனப்படும் துத்தநாகச் சேர்மம். 1940களில் பேரிங் அரிப்பைத் தடுக்கவும் ஆயில் கெடாமல் இருக்கவும் சேர்த்தார்கள். தேய்மானத்தையும் அது தடுக்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது. உலோகம் உலோகத்தோடு உரசும் இடத்தில் அது சிதைந்து, கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாகப் படிகிறது. கனம் ஏறக்குறைய 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உரசலில் இந்தப் படலம் தேயும், மறுபடி உருவாகும், அடியில் இரும்பு தப்பிக்கும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. இந்தப் படலம் தேய்மானத்தைக் குறைத்தாலும் உராய்வைக் கொஞ்சம் கூட்டுகிறது! ஆகவே 'உராய்வும் தேய்மானமும் குறையும்' என்று பாட்டிலில் ஒரே மூச்சில் எழுதியிருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வழுக்குவதெல்லாம் தேயாமல் இருக்காது, தேயாததெல்லாம் வழுக்காது.

உராய்வைக் குறைக்க வேறு பொருள்கள் இருக்கின்றன. மாலிப்டினம் கலந்த கரிமச் சேர்மங்கள் சூட்டிலும் உரசலிலும் மாலிப்டினம் டைசல்பைடு தகடுகளாக மாறும். அவை ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுகும். ஆய்வகத்தில் 0.1-க்கு மேல் இருக்கும் உராய்வுக் கெழுவை அது 0.05 அளவுக்கு இறக்குவதைக் காணலாம். இது விளம்பரம் அல்ல, பலமுறை அளந்து பார்த்த உண்மை.

பர்கூர் டிப்பர்

வாத்தியார் ஐயா, அப்படியென்றால் ஊற்றலாம் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?

பென்னாகரம் வேதியியல்

எந்த இடத்தின் உராய்வு என்று பார்க்க வேண்டும். 1902-இல் ஸ்ட்ரிபெக் என்ற ஜெர்மானியர் பேரிங்குகளின் உராய்வை அளந்து ஒரு வளைகோடு வரைந்தார். அதன்படி பார்த்தால் ஓடும் இன்ஜினில் கிராங்க் பேரிங்குகள் ஆயில் படலத்தின்மேல் மிதக்கின்றன, உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. அங்கே உராய்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆயிலின் பாகுநிலைதான். வழுக்கும் மருந்துக்கு அங்கே வேலை கிடையாது. வால்வைத் திறக்கும் கேமின் மூக்கு டேப்பெட்டில் அழுந்தும் இடம், பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் ரிங் இருக்கும் இடம், இங்கெல்லாம்தான் படலம் மெலிந்து உலோகங்கள் உரசும். மருந்து உதவுவது அங்கே. மொத்த உராய்வில் அது சிறு பகுதி.

அந்த இடங்களுக்கான மருந்தையும் ஆயில் நிறுவனம் அளந்து கலந்துவிட்டது. உலோகப் பரப்பில் ஒட்ட இந்தச் சேர்மங்கள் எல்லாம் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. உராய்வு குறைப்பானை நீங்கள் மேற்கொண்டு ஊற்றினால், இசட்.டி.டி.பி. படிய வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளலாம். உராய்வு குறைந்து தேய்மானம் கூடலாம். குழம்பில் உப்பு சரியாக இருக்கும்போது இன்னொரு பிடி போடுவது போலத்தான். டீசல் இன்ஜினில் இன்னொரு தொல்லை, புகைக்கரி. அது இந்தப் படலங்களைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

பட்டறை கிழவர்

தருமபுரியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறை வைத்திருந்தவன். இப்போது மகன் பார்க்கிறான். வாத்தியார் சொன்ன பெயர்கள் எனக்கு வாயில் நுழையாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் பிரித்த இன்ஜின்களில் நல்ல ஆயில் ஊற்றி, நேரத்துக்கு மாற்றி, அதனால் மட்டும் கேம் தேய்ந்து வந்தவை மிகக் குறைவு. வந்தவையெல்லாம் மூன்றே வகை. தண்ணீர் குறைந்து சூடேறி பிஸ்டன் பிடித்தவை. ஆயிலை மாற்றாமல் அளவு குறைந்தால் மேலே ஊற்றி ஊற்றி ஓட்டியவை, திறந்தால் உள்ளே தார் போலக் கிடக்கும். மூன்றாவது, மண் தின்றவை. சிலிண்டரின் உட்சுவரான லைனரின் மேல்பகுதியில் விரல் நகத்தை வைத்தால் படி தட்டும். இந்த மூன்றில் எதற்கு உங்கள் பாட்டில் மருந்து?

ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து) புது ரிங் போட்ட இன்ஜினில் மட்டும் யாராவது இதை ஊற்றினால் எனக்குக் கோபம் வரும். புது ரிங் லைனரோடு கொஞ்சம் உரசித்தான் பொருந்த வேண்டும். அந்த நேரத்தில் வழவழப்பைக் கூட்டினால் ரிங் உட்காராது, ஆயில் குடிக்கும். பிறகு 'மெக்கானிக் வேலை சரியில்லை' என்று வந்து நிற்பார்கள்.

பர்கூர் டிப்பர்

மண் தின்றவை என்று ஐயா சொன்னாரே, அது எங்கள் கதை. கிரானைட் குவாரிக்குள் டிப்பர் ஓட்டுகிறோம். வெயில் காலத்தில் முன்னால் போகும் வண்டியே தெரியாது, அவ்வளவு தூசி. ஒப்பந்ததாரர் ஆயில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிற வழக்கம் உள்ளவர். ஒரு வண்டியில் இரும்பு அளவு கூடிக்கொண்டே போனது. மேலாளர் அடிட்டிவ் ஊற்றச் சொன்னார். ஊற்றினோம். அடுத்த அறிக்கையிலும் இரும்பு கூடித்தான் இருந்தது. அறிக்கையில் சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்தே ஏறியிருப்பதைப் பரிசோதனைக் கூடத்தார் வட்டம் போட்டுக் காட்டினார்கள். அது தூசியின் அடையாளமாம். தேடிப் பார்த்தால் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து, விரிசல் வழியே மண்ணை இழுத்துக்கொண்டிருந்தது. புதுக் குழாயும் கிளிப்பும் போட்ட பிறகு இரும்பு பாதிக்கும் கீழே இறங்கியது.

ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றித் தட்டுவதையும் விட்டுவிட்டோம். தட்டும்போது தாள் கிழிகிறது, கழற்றி மாட்டும்போது தூசி உள்ளே விழுகிறது. அடைப்பு காட்டும் கருவி சிவப்பு காட்டினால் புதிது, அவ்வளவுதான்.

ஓசூர் லேத்

இந்தப் பதிவுக்காகவே இந்த இழை நடந்திருக்கலாம். கிரானைட் துகளில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினம். 100 நானோமீட்டர் படலம் அதன் முன்னால் எம்மாத்திரம்? துகளின் அளவே மைக்ரோமீட்டர் கணக்கு.

அரூர் ஸ்ப்ளெண்டர்

பைக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. தம்பி, பைக்கில் மட்டும் வேண்டவே வேண்டாம். என் தங்கை கணவர் ஏதோ ஒரு பாட்டிலை ஊற்றினார். இரண்டு வாரத்தில் மேட்டில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது. பிளேட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து அடிட்டிவ் விலையைப் போல நான்கு மடங்கு ஆனது.

ஓசூர் லேத்

காரணம் எளிது. நம் பைக்குகள் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கிளட்ச் பிளேட்டுகளுக்கு உராய்வு வேண்டும். அதற்காகவே ஜப்பானியர்கள் ஜாசோ டி 903 என்ற தரத்தை 1998-இல் கொண்டுவந்தார்கள். டப்பாவில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் கிளட்சுக்குப் போதிய பிடிப்பு தரும் ஆயில் என்று பொருள். எம்.பி. என்றால் உராய்வு குறைந்தது, உலர் கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்கு. எம்.ஏ. ஆயிலை வாங்கி அதில் வழுக்கும் மருந்தை ஊற்றினால், காசு கொடுத்து வாங்கிய தரத்தை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

கிருஷ்ணகிரி உதிரிபாகம்

நான் கடைக்காரன். இந்தப் பாட்டில்களை விற்கிறேன், மறைக்கவில்லை. ஆயில் டப்பாவில் கிடைப்பதைவிட இதில் லாபம் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் எல்லோரும் சேர்ந்து எங்களைத் திருடன் ஆக்கிவிடாதீர்கள். ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் பழைய வண்டியோடு ஒருவர் மே மாதம் வருகிறார். மாங்காய்ப் பருவம் நடக்கிறது. மண்டிக்கும் கூழ் ஆலைக்கும் ஓட்டம் இருக்கும்போது இன்ஜினை இறக்கினால் வருமானமே போச்சு. கெட்டியாக்கும் மருந்து ஒன்றை ஊற்றிவிட்டால் ஜூலை வரை தள்ளிவிடுவார், பிறகு நிதானமாக வேலை பார்ப்பார். இதில் என்ன தவறு? நான் அவரிடம் இன்ஜின் சரியாகிவிடும் என்று சொல்வதில்லை.

பட்டறை கிழவர்

அதில் தவறில்லை அப்பா. நானும் அப்படி வண்டிகளை ஓட விட்டிருக்கிறேன். ஜூலையில் வருகிறேன் என்றவர்கள் அடுத்த மாங்காய்க்குத்தான் வந்தார்கள், கிராங்கையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டு. அது உன் தவறு இல்லை.

பென்னாகரம் வேதியியல்

கடைக்காரர் சொன்னது நேர்மையான பயன்பாடு. சிக்கல், நன்றாக ஓடும் வண்டிக்கு விற்கும்போதுதான் வருகிறது. அமெரிக்காவில் இந்த வழக்கு பலமுறை நடந்திருக்கிறது. எஸ்.டி.பி. என்ற அடிட்டிவின் விளம்பரங்களுக்காக 1995-இல் அதன் உரிமையாளர் நிறுவனம் 8,88,000 டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. டெஃப்லான் வகைப் பொருள் கலந்த ஸ்லிக் 50 என்ற அடிட்டிவ் மீது 1996-இல் கூட்டாட்சி வணிக ஆணையம் புகார் தொடுத்தது. ஒவ்வொரு முறை குளிர்ந்த இன்ஜினை இயக்கும்போதும் உலோகம் உலோகத்தை அரைக்கிறது என்பது அவர்கள் விளம்பரம். கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றினாலே பெரும்பாலான இன்ஜின்களுக்கு அந்த நேரத்துப் பாதுகாப்பு போதும் என்பது ஆணையத்தின் நிலை. 1997-இல் சமரசம் ஆனது. முப்பது ஆண்டுகளாகியும் அதே வாசகம் நம் சாலையோர மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆயிலின் தரத்தைச் சான்றளிக்க உண்மையான இன்ஜினையே ஓட்டுகிறார்கள். முன்பு இருந்த சீக்வென்ஸ் 4ஏ என்ற கேம் தேய்மானச் சோதனையில் 2.4 லிட்டர் நிசான் இன்ஜினை 100 மணி நேரம் ஓட்டி, பிரித்து, கேமை அளந்தார்கள். பாட்டில் விற்பவரிடம் அப்படி ஒரு முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாலக்கோடு பிக்கப்

எல்லோருக்கும் நன்றி. பைக்குக்கு வேண்டாம் என்பது தெளிவு. பிக்கப் புது வண்டி, பி.எஸ்.6 என்பதால் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஓசூர் லேத்

அதில்தான் இன்னும் கவனம் வேண்டும் தம்பி. 2020 ஏப்ரல் முதல் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. கரியை அது எரித்துவிடும். ஆயிலில் இருக்கும் துத்தநாகம், கால்சியம் போன்றவை எரிந்து சாம்பலாகும், அந்தச் சாம்பலை எரிக்க முடியாது. வடிகட்டிக்குள்ளேயே தங்கும். அதனால்தான் இந்த ஆயில்களில் சாம்பலுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். டீசல் ஆயிலுக்கான சி.கே-4 தரத்தில் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பாஸ்பரஸ் 0.12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உலோகம் கலந்த பாட்டிலை ஊற்றினால் அந்தக் கணக்கு உடைகிறது. வடிகட்டி அடைத்தால் வரும் செலவை நினைத்துப் பாருங்கள். கையேட்டில் எந்தத் தரமும் பாகுநிலையும் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். மீதமாகும் 600 ரூபாயில் குழாய், கிளிப், ஏர் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தக்காளித் தோட்டத்து மண்பாதையும் குவாரிக்குக் குறைந்ததல்ல.

தொப்பூர் ஏற்றம்

எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள். நான் இன்னும் மாறவில்லை. ஆனால் பர்கூர்க்காரர் சொன்ன ஆயில் பரிசோதனை பிடித்திருக்கிறது. இந்த முறை பாட்டில் ஊற்றி ஒரு மாதிரி, அடுத்த முறை ஊற்றாமல் ஒரு மாதிரி அனுப்புகிறேன். இரண்டு அறிக்கையையும் இங்கேயே போடுகிறேன். பாட்டில் ஜெயித்தால் ஓசூர்க்காரர் எனக்கு பிரியாணி வாங்கித்தர வேண்டும்.

ஓசூர் லேத்

சம்மதம் அண்ணா. மாதிரி எடுப்பதை மட்டும் சரியாகச் செய்யுங்கள். வண்டி ஓடி வந்த சூட்டோடு எடுங்கள். வடிகால் திருகைக் கழற்றியதும் வரும் முதல் ஆயிலைப் பிடிக்காதீர்கள், அடியில் தங்கிய கசடு அதில் வரும். கொஞ்சம் ஓடவிட்டு நடுவில் பிடியுங்கள். பாட்டில் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கட்டும். இரண்டு முறையும் ஆயில் ஒரே தயாரிப்பு, ஓடிய கிலோமீட்டரும் ஒரே அளவு. இடையில் மேலே ஊற்றியிருந்தால் எத்தனை லிட்டர் என்று எழுதிவையுங்கள். ஏர் ஃபில்டர் இரண்டு முறையும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

பர்கூர் டிப்பர்

இரும்பை மட்டும் பார்க்காமல் சிலிக்கானையும் சேர்த்துப் போடுங்கள் அண்ணா. செம்பும் ஈயமும் ஏறியிருந்தால் உடனே சொல்லுங்கள், பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

தொப்பூர் ஏற்றம்

சரி. சுத்தமான பாட்டில் எங்கே கிடைக்கும்?

கிருஷ்ணகிரி உதிரிபாகம்

கடைக்கு வாருங்கள் அண்ணா, காலி பாட்டில் இலவசம்.